வாப்பாவின் கட்டிலடியில் நீட்டப்பட்ட படிவம்: மருத்துவ ஆய்வுகளைக் கண்டு நாம் அஞ்ச வேண்டுமா?

சில வருடங்களுக்கு முன்னர் எனது வாப்பா மாரடைப்பினால் பாதிக்கப்பட்டு, வெளி மாவட்டத்து வைத்தியசாலையொன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். இரண்டாம் நாள் காலையில் இளம் வைத்தியர் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். இருதய நோயாளிகள் தொடர்பாக ஆய்வொன்று நடைபெறுவதாகவும் அதில் வாப்பாவையும் சேர்த்துக்கொள்ள எங்களுக்குச் சம்மதமா எனவும் கேட்டு, நான்கைந்து பக்கப் படிவமொன்றைத் தந்தார். விருப்பமில்லாவிட்டால் மறுக்கலாம், அதனால் சிகிச்சையில் எந்த மாற்றமும் வராது என்பதையும் அவரே சொன்னார்.

உம்மா அழத் தொடங்கினார். "நம்மட ஆள வெச்சா சோதிச்சுப் பார்க்கப் போறாங்க?" என்று மாமா கேட்டார். ஓரளவு படித்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்த நானும் அந்தப் படிவத்தின் முதல் பக்கத்தைக்கூட வாசிக்காமல் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன்.

அல்ஹம்துலில்லாஹ், வாப்பா சுகமாகிக் கிண்ணியாவுக்கு வந்து சேர்ந்தார். ஒரு நாள் பேச்சுவாக்கில் இந்த விடயத்தைச் சொன்னபோது அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "நான் இப்ப குடிக்கிற குளிசையெல்லாம் முதல்ல ஆரோ ஒருத்தர் குடிச்சுப் பார்த்ததுதானே மகன்? அவங்கட வூட்டாக்களும் வேணாமெண்டு சொல்லியிருந்தா?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. நான் வைத்தியன் அல்லன். ஆனால் அந்தக் கேள்வி விடவில்லை. அதன் பின்னர் தேடி வாசித்தும், தெரிந்த வைத்தியர்களிடம் கேட்டும் புரிந்துகொண்டவற்றையே இங்கு எமது சமூகத்தின் முன் வைக்கிறேன்.

குளிசைக்குப் பின்னால் 17,187 பேர்

மாரடைப்பு என்று சந்தேகிக்கப்படும் ஒருவர் வைத்தியசாலைக்குப் போனவுடன் பெரும்பாலும் முதலில் கொடுக்கப்படுவது அஸ்பிரின். சில ரூபாய்களுக்குக் கிடைக்கும் குளிசை. அது உயிரைக் காக்கும் என்பது எப்படித் தெரிய வந்தது?

1988 ஆம் ஆண்டு வெளியான ஐசிஸ்-2 என்னும் ஆய்வு இதற்கான விடையைத் தந்தது. 16 நாடுகளைச் சேர்ந்த 417 வைத்தியசாலைகளில், மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 நோயாளிகள் இதில் சேர்க்கப்பட்டனர். சிலருக்கு அஸ்பிரின் மாத்திரம், சிலருக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி மாத்திரம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டுமே இல்லை. யாருக்கு எது என்பதை வைத்தியர் தெரிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்குவது போல எழுந்தமானமாகவே தீர்மானிக்கப்பட்டது. இரண்டுமே கிடைக்காதவர்களில் ஐந்து வாரங்களுக்குள் இருதய, இரத்தக்குழாய் காரணங்களால் இறந்தவர்கள் நூற்றுக்கு 13 பேர். இரண்டும் கிடைத்தவர்களில் அது 8 பேர். நூறு குடும்பங்களில் ஐந்து குடும்பங்களுக்கு ஒரு வாப்பாவோ உம்மாவோ திரும்பக் கிடைத்தார்கள் என்று இதனை வாசிக்கலாம்.

ஏன் குலுக்க வேண்டும்? வைத்தியரே தெரிவு செய்தால், அறியாமலேயே உடல் தேறியவருக்குப் புதிய மருந்தையும், மிகவும் பலவீனமானவருக்குப் பழைய மருந்தையும் கொடுத்துவிடக் கூடும். பின்னர் புதிய மருந்து எடுத்தவர்கள் அதிகம் பிழைத்தால், அது மருந்தினாலா அல்லது அவர்கள் ஏற்கெனவே தேறியவர்களாக இருந்ததனாலா என்று சொல்ல முடியாது. குலுக்கிப் பிரித்தால் வயது, சீனி வியாதி, புகைப்பழக்கம் எல்லாமே இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகிவிடும். எஞ்சுகின்ற வித்தியாசம் மருந்து மட்டும்தான்.

இந்த ஆய்வில் சுவையான பாடமொன்றும் உண்டு. ஆய்வாளர்கள் நோயாளிகளைப் பிறந்த ராசிப்படியும் பிரித்துக் காட்டினார்கள். மிதுன, துலா ராசிக்காரர்களுக்கு அஸ்பிரின் பயன் தரவில்லை என்பது போல் கணக்கு வந்தது! ராசியை நம்பி அவர்கள் இதைச் செய்யவில்லை. கணக்கைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டிக்கொண்டே போனால் இல்லாத ஒன்றும் இருப்பது போல் தோன்றும் என்பதைக் காட்டவே செய்தார்கள். வட்ஸ்அப்பில் வரும் "ஆய்வு சொல்கிறது" செய்திகளை வாசிக்கும்போது இதனை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாரடைப்பு வந்தவருக்கு நன்மை செய்த அதே அஸ்பிரின், எல்லோருக்கும் நல்லதல்ல. அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இருதய நோய் இல்லாத 19,114 முதியோரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2018 இல் வெளிவந்தன. தினமும் அஸ்பிரின் எடுத்ததால் அவர்களுக்கு எதிர்பார்த்த பயன் கிடைக்கவில்லை. பாரதூரமான இரத்தப்போக்கே அதிகரித்தது. பக்கத்து வீட்டு மச்சானின் குளிசையை வாங்கிக் குடிக்கும் எமது பழக்கத்துக்கு இதைவிட வேறு எச்சரிக்கை தேவையில்லை.

அனுபவம் ஏமாற்றிய கதை

"அனுபவமுள்ள வைத்தியருக்குத் தெரியாதா? இதற்கெல்லாம் ஏன் ஆய்வு?" என்று சிலர் கேட்கலாம்.

மாரடைப்புக்குப் பின்னர் சிலருக்கு இருதயத் துடிப்பு ஒழுங்கு தவறும். அவ்வாறு தவறுபவர்கள் திடீரென இறப்பது அதிகம். ஆகவே துடிப்பை ஒழுங்குபடுத்தும் மருந்தைக் கொடுத்தால் மரணம் குறையும் என்பது யாரும் ஏற்றுக்கொள்ளக்கூடிய தர்க்கம். என்கைனைட், பிளெக்கைனைட் ஆகிய மருந்துகள் துடிப்பை ஒழுங்காக்கவும் செய்தன. ஈசிஜி அழகாக இருந்தது. வைத்தியர்கள் திருப்தியடைந்தார்கள்.

காஸ்ட் என்ற ஆய்வில் இதனைப் பரிசோதித்துப் பார்த்தபோது எல்லாம் தலைகீழானது. மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்திருந்தனர். வெற்று மாத்திரை எடுத்த 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். ஈசிஜியைத் திருத்திய மருந்து மனிதர்களைக் கொன்றுகொண்டிருந்தது. 1989 இல் இது வெளியாகும் வரை அந்த மருந்துகளைக் கொடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். நல்ல எண்ணமும் அனுபவமும் இருந்தும் அவர்களுக்கு உண்மை தெரிந்திருக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஒப்பிட்டுப் பார்ப்பது எமக்கு அந்நியமான விடயமும் அல்ல. ஹிஜ்ரி மூன்றாம், நான்காம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த மருத்துவ மேதை அர்ராஸி, மூளைக்காய்ச்சலின் அறிகுறி காட்டிய ஒரு பகுதியினருக்கு இரத்தம் எடுத்துச் சிகிச்சை செய்து, மற்றொரு பகுதியினரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாமல் விட்டு ஒப்பிட்டதாக எழுதியிருக்கிறார். இரத்தம் எடுப்பது நல்லது என்ற அவரது முடிவை இன்றைய மருத்துவம் ஏற்காது. ஆனாலும் இரு பகுதியினரை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் ஆயிரம் வருடங்களுக்கு முன்னரே அவரிடம் இருந்தது. குலுக்கிப் பிரிப்பதும் பெரும் எண்ணிக்கையும் பின்னர் வந்து சேர்ந்தவை.

எங்கோ சரியானது இங்கும் சரியா?

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போனால் இந்த விடயம் இன்னும் கூர்மையாகிறது. அங்கே ஒவ்வொரு மணித்தியாலமும் தீர்மானம் எடுக்க வேண்டும். குருதியில் சீனி கூடினால் அதனை முற்றாகச் சாதாரண அளவுக்குக் கொண்டுவருவதுதானே நல்லது? அப்படித்தான் ஒரு காலத்தில் பல இடங்களில் செய்தார்கள். 2009 இல் நைஸ்-சுகர் என்ற ஆய்வின் முடிவு வந்தது. 6,104 நோயாளிகள் சேர்க்கப்பட்ட அந்த ஆய்வில், சீனியை மிக இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களில் 27.5 வீதமானோர் 90 நாட்களுக்குள் இறந்தனர். ஓரளவு தளர்வாக விடப்பட்டவர்களில் அது 24.9 வீதம். அதிகம் செய்வதே நல்லது என்ற நினைப்பு பிழையாகிப் போனது.

அதைவிட எம்மைப் போன்ற நாடுகளுக்கு முக்கியமானது 2011 இல் வெளியான பீஸ்ட் ஆய்வு. கடும் காய்ச்சலுடன் இரத்த ஓட்டம் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு வேகமாகச் சேலைன் ஏற்ற வேண்டும் என்பது பணக்கார நாடுகளின் பாடப்புத்தகங்கள் சொன்ன சிகிச்சை. கென்யா, உகண்டா, தன்சானியா ஆகிய நாடுகளில் 3,141 பிள்ளைகளிடம் இதனைப் பரிசோதித்தார்கள். வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 48 மணித்தியாலங்களுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்குப் பத்துக்கும் மேல். அவ்வாறு ஏற்றப்படாதவர்களில் 7.3 வீதம் மாத்திரமே. செயற்கைச் சுவாச இயந்திரங்கள் தாராளமாக உள்ள இடத்தில் எழுதப்பட்ட விதி, அவை அரிதாக உள்ள இடத்தில் உயிர்களை எடுத்தது.

லண்டனில் சரியானது கிண்ணியாவிலும் சரியாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எமது சாப்பாடு வேறு, வெயில் வேறு, வைத்தியசாலைக்கு வந்து சேரும் நேரம் வேறு. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, இரவில் நெஞ்சு வலி வந்த ஒருவர் திருகோணமலைக்குப் போக முதலில் பாதைக்காகக் கரையில் காத்திருக்க வேண்டியிருந்ததை எமது பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட ஊர்களுக்கு எது பொருந்தும் என்பதை இப்படிப்பட்ட ஊர்களில் வாழ்பவர்களிடம்தான் பார்க்க முடியும்.

இலங்கை உலகுக்குச் சொன்ன பதில்

எமது நாட்டில் இது நடக்கவில்லையா? நடந்திருக்கிறது. எமக்குத்தான் தெரிவதில்லை.

பிரஷருக்கு ஒரு குளிசையில் தொடங்கி, குறையாவிட்டால் அளவைக் கூட்டி, பிறகு இன்னொன்றைச் சேர்ப்பதுதான் வழமை. கிளினிக்குக்கு மாதக் கணக்கில் அலைவோம். ஆனாலும் பலருக்குப் பிரஷர் கட்டுப்பாட்டுக்கு வருவதில்லை. மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாக ஆரம்பத்திலேயே கொடுத்தால் என்ன என்ற கேள்வியை, களனிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அசித டி சில்வா உள்ளிட்ட இலங்கை ஆய்வாளர்கள் அவுஸ்திரேலியாவின் ஜோர்ஜ் நிறுவனத்துடன் இணைந்து ஆராய்ந்தனர். ட்ரையம்ப் என்ற அந்த ஆய்வில் இலங்கையின் 11 வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 நோயாளிகள் சேர்ந்தனர். ஆறு மாதங்களில், மூன்று மருந்துக் குளிசை எடுத்தவர்களில் 70 வீதமானோர் இலக்கை அடைந்தனர். வழமையான சிகிச்சை பெற்றவர்களில் அது 55 வீதம். 2018 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் இது வெளியானது. அதே சிந்தனையில் வளர்ந்த, ஆனால் ஒரு மருந்து மாற்றப்பட்ட மூன்று மருந்துக் குளிசையொன்றுக்கு 2025 ஜூனில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. எமது நாட்டுக் கிளினிக் வரிசைகளில் நின்ற 700 பேருக்கு இதில் பங்கிருக்கிறது.

இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமியச் சமூகங்களில் 2,645 பேரிடம் நடத்தப்பட்ட இன்னோர் ஆய்வு 2020 இல் வெளியானது. பயிற்றப்பட்ட சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று பிரஷரை அளந்து, ஆலோசனை வழங்கி, தேவையானவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். இரண்டு வருடங்களில், வழமையான கவனிப்பில் இருந்த கிராமங்களைவிட இங்கே பிரஷரின் மேல் எண் சராசரியாக ஐந்து புள்ளிகள் கூடுதலாகக் குறைந்தது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. வாசலுக்கு வந்த ஒரு மனிதரும் ஒரு பிரஷர் கருவியும்தான். இதனைப் பெரியாற்றுமுனையிலோ குறிஞ்சாக்கேணியிலோ செய்ய முடியாதா என்று எமது சமூக சேவை அமைப்புகள் யோசிக்க வேண்டும்.

நம்பிக்கை ஏன் உடைந்தது?

எமது மக்களின் தயக்கத்தை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்கு நியாயமும் உண்டு. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களுக்குச் சிபிலிஸ் நோய் இருந்தும், மருந்து கிடைத்த பின்னரும்கூட அதனைக் கொடுக்காமல் வேடிக்கை பார்த்தார்கள். அவர்களிடம் உண்மை சொல்லப்படவே இல்லை.

எமது காயம் அதைவிட அண்மையது. கொரோனா காலத்தில், அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருந்தும், நிலத்தடி நீர் மாசடையும் என்று கூறி எமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பிறந்து 20 நாட்களேயான பாலகனும் அதில் அடக்கம். 2021 பெப்ரவரியில்தான் வர்த்தமானி மாற்றப்பட்டது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் ஆரம்பமானது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. "விஞ்ஞானம்" என்ற சொல்லைக் கேட்டாலே எமது உம்மாமார் முகம் சுளிப்பதற்கு இது போதும்.

ஆனால் கொஞ்சம் நின்று யோசிப்போம். அங்கே நடந்தது விஞ்ஞானத்தினால் வந்த அநியாயமா, விஞ்ஞானத்தை ஒதுக்கியதனால் வந்த அநியாயமா? ஆதாரம் கேட்டவர்கள் நாம். ஆதாரமின்றித் தீர்மானித்தவர்கள் அவர்கள்.

அதே 2020 இல் பிரித்தானியாவில் ரிகவரி என்ற ஆய்வு நடந்தது. டெக்ஸாமெதசோன் என்ற பழைய, மலிவான மருந்தைக் கொரோனா நோயாளிகளிடம் குலுக்கல் முறையில் பரிசோதித்தார்கள். செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில் மருந்து கிடைக்காதோரில் 41.4 வீதமானோர் இறக்க, கிடைத்தோரில் அது 29.3 வீதமாகக் குறைந்தது. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கோ பயன் எதுவும் இல்லை. அந்த வருடம் ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட இந்த முடிவு சில நாட்களிலேயே உலகெங்கும் சிகிச்சையை மாற்றியது. அதே ஆய்வுதான், பலரும் புகழ்ந்த ஹைட்ரொக்சிகுளோரோகுயினால் வைத்தியசாலை நோயாளிகளுக்குப் பயனில்லை என்பதையும் காட்டியது. ஆதாரம் தேடியவர்களின் உழைப்பும், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று சம்மதம் சொன்ன குடும்பங்களின் துணிவும் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது.

படிவம் நீட்டப்பட்டால் என்ன கேட்பது?

கண்ணை மூடிக்கொண்டு கையொப்பமிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து வாசியுங்கள் என்கிறேன். இலங்கையில் மருந்துப் பரிசோதனைகளுக்கு ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி தேவை. 2006 முதல் இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு இயங்கி வருகிறது. அதில் பதியப்பட்ட ஆய்வுகளை யாரும் இணையத்தில் பார்க்கலாம். எனவே உங்களிடம் படிவம் நீட்டப்பட்டால் இவற்றைக் கேளுங்கள்:

எந்தக் குழு இதற்கு அனுமதி வழங்கியது? பதிவிலக்கம் என்ன? ஆய்வில் சேராவிட்டால் என்ன சிகிச்சை கிடைக்கும்? சேர்ந்தால் மேலதிகமாக என்ன செய்யப்படும்? பக்கவிளைவு ஏற்பட்டால் யார் பொறுப்பு? இடையில் விலகிக்கொள்ளலாமா? படிவம் தமிழில் இருக்கிறதா?

கடைசிக் கேள்வி சிறியதல்ல. விளங்காத மொழியில் வைக்கும் கையொப்பம் சம்மதம் ஆகாது. தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. திருப்தியில்லையென்றால் மறுப்பதும் உங்கள் உரிமை. ஆனால் என்னைப் போல வாசிக்காமல் மறுக்காதீர்கள்.

எமது கேள்விகளை யார் கேட்பார்கள்?

எமக்கென்று சில கேள்விகள் இருக்கின்றன. ஒவ்வொரு ரமழானிலும் இருதய நோயாளிகள் கேட்பது: "நான் நோன்பு பிடிக்கலாமா?" கட்டாரில் 1991 முதல் 2001 வரையான பத்து வருடங்களின் பதிவுகளை ஆராய்ந்த வைத்தியர்கள், இருதயப் பலவீனத்தினால் வைத்தியசாலையில் சேர்க்கப்படுவது ரமழானில் அதிகரிக்கவில்லை என்று கண்டார்கள். ஆறுதலான செய்திதான். ஆனால் அதைக் கொண்டு எல்லோரும் பிடிக்கலாம் என்று முடிவெடுக்க முடியாது. கடும் நோயுள்ளவர்கள் நோன்பை விட்டிருக்கவும் கூடும். அண்மையில் மாரடைப்பு வந்தவர், இருதயம் மிகவும் பலவீனமானவர், துடிப்பு கட்டுப்பாட்டில் இல்லாதவர் ஆகியோரை நோன்பைத் தவிர்க்குமாறே வைத்தியர்கள் சொல்கிறார்கள். மார்க்கமும் நோயாளிக்குச் சலுகை வழங்கியே இருக்கிறது. மற்றவர்கள் ரமழானுக்குச் சில வாரங்களுக்கு முன்னரே கிளினிக்கில் கேட்டு, குளிசை நேரங்களை மாற்றிக்கொள்வது நல்லது.

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் முஸ்லிம் நாட்டு வைத்தியர்கள். பதிலாக அமைந்தவர்கள் முஸ்லிம் நோயாளிகள். எமது வயலிலும் கடலிலும் நாள் முழுக்க வெயிலில் நின்று நோன்பு பிடிக்கும் ஒருவரின் பிரஷருக்கு என்ன நடக்கிறது? இதனை நாம் கேட்காவிட்டால், எமது பிள்ளைகள் வைத்தியர்களாகி ஆராயாவிட்டால், நாம் அதில் பங்கெடுக்காவிட்டால், வேறு யாரும் வந்து செய்து தரப் போவதில்லை.

இறுதியாக ஒரு விடயம். நெஞ்சில் பாரமோ வலியோ வந்து, இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் "காஸ்" என்று சொல்லிச் சோடாவும் இஞ்சியும் குடித்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். கட்டியைக் கரைக்கும் மருந்து எவ்வளவு நேரத்தோடு கொடுக்கப்படுகிறதோ அவ்வளவுக்குப் பயன் தரும் என்பதும் ஆய்வுகள் தந்த பாடமே. 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். பாதைக்காகக் காத்திருந்த காலம் முடிந்துவிட்டது. நாமாக ஏற்படுத்திக்கொள்ளும் தாமதத்தையும் முடிப்போம்.

வாப்பா அந்தக் கேள்வியைக் கேட்டு இரண்டு வருடங்களின் பின் வபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். மாரடைப்புக்குப் பின் அவரோடு கிடைத்த அந்த நாட்கள், பெயர் தெரியாத எத்தனையோ பேர் எங்கோ ஒரு படிவத்தில் கையொப்பமிட்டதனால் அல்லாஹ் எங்களுக்குத் தந்தவை என்றே நான் இப்போது நினைக்கிறேன். அந்தக் கடனில் ஒரு பங்கையாவது திருப்பிக் கொடுக்க எமக்கு அவன் அருள் புரிவானாக. ஆமீன்.